நாலாம் படுக்கையிலிருந்து ஏழு கிண்ணங்கள்

1

இந்தக் கதை ஒரு கிண்ணத்திலிருந்து வந்தது. என் மேசைமேல்தான் இருக்கிறது. உள்ளங்கை அகலம், ஓக் மரத்தில் கடைந்தது. தேன் நிறத்தில் இருந்திருக்கவேண்டும், கறுத்துப்போய் இருக்கிறது. சாவியும் சில்லறைச் சாமான்களும் போட்டு வைத்திருக்கிறேன். மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தால் ஆறு வருடம் கழித்தும் அந்த நெடி லேசாக

இல்லை, பொய். நெடி இரண்டே மாதத்தில் போய்விட்டது. கதை எழுத உட்கார்ந்தாலே கை இப்படித்தான் நீளுகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் மருத்துவமனை வார்டைத் துடைக்கிற பெண் ஒருத்தி வருவாள். அது நான்தான். கடைசிப் பக்கத்தில் ‘அந்தப் பெண் வேறு யாருமல்ல’ என்று திரை விலக்குகிற வித்தை எனக்கு வேண்டாம். அவள் இதில் முக்கியமும் இல்லை. முக்கியம் ஏவரில். அறுபத்தோரு வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்ந்தவள். அவளுடைய கணவன் ராய்ஸ்டன், கிண்ணம் கடைகிறவன்.

(இருவருக்கும் ‘அவர்’ போட்டு எழுதிப் பார்த்தேன். மரியாதை ஏறியது, ஆள் காணாமல் போனார். எடுத்துவிட்டேன்.)

2

அடித்த தொடக்கங்கள்:

“டீன் காட்டில் அக்டோபர் வந்தால் ஓக் இலைகள் —”

வேண்டாம். காட்டை ஒட்டிய இந்த ஊரில் யாரும் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. ஊர் சுற்றும் ஆடுகள் வேலியை நெம்பி முட்டைக்கோசைத் தின்றுவிட்டனவா என்று பார்ப்பார்கள்.

“நாற்பது வருடம் ஓடிய வார்டை மூடுவதற்கு, நாற்பது வருடத்தில் ஒருநாளும் அதற்குள் கால் வைக்காத எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து —”

இதை நாலு பக்கம் எழுதினேன். அனல் பறந்தது. திரும்பப் படித்தால் நாலு பக்கத்திலும் ஒரு கிண்ணம்கூட இல்லை. கோபம் என் சொந்தச் சரக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கிண்ணம் இன்னொருவர் கொடுத்தது. கொடுத்ததைப் பற்றி எழுதுவோம்.

“ராய்ஸ்டனுக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.”

இது நிற்கும்.

3

ராய்ஸ்டனுக்கு ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. செவ்வாய்க்கிழமை.

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. பதினோரு வாரம் வார்டில் நாலாம் படுக்கையில் கிடந்தான். நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் செவ்வாய்க்கிழமைதான் வரும். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், வசவுக்கும் அதுதான்.

(ஏன் அந்தச் சொல் என்று கேட்பீர்கள். கடைசல்காரர்கள் மன்றம் செவ்வாய்தோறும் கூடும் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது வியாழக்கிழமை கூடுகிறது. மன்னிக்கவும்.)

மே மாதம் வீட்டுக்கு வந்தான். வந்தவன் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மன்றத்துச் செயலாளர் டென்ஸில் மூன்று முறை வந்து, அந்த முதுகோடு பேசிவிட்டுப் போனான். நாலாம் முறை சமையலறை வரை வந்து அப்படியே திரும்பிவிட்டான். கோடைகாலம் முழுக்க இப்படியே கழிந்தது. ராய்ஸ்டன் இனி அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று ஏவரில் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, தேநீர் ஊற்றும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்.

“அடுத்த வெள்ளிக்கிழமையோட உன் வார்டை மூடுறாங்களாம் ராய். எல்லாரையும் ஆளுக்கொரு ஊருக்குத் தூக்கிப் போடுறாங்களாம்.”

ராய்ஸ்டன் எழுந்தான். கைத்தடியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள். கார் கொட்டகையில் கார் நின்றதே கிடையாது. கடைசல் எந்திரம்தான் நின்றது. மேல் தட்டிலிருந்து பழுப்புக் காகிதப் பைகளை இடது கையால் ஒவ்வொன்றாக இறக்கினான். ஏழு பைகள்.

ஒவ்வொன்றிலும் பாதி கடைந்த கிண்ணம் ஒன்று. பச்சை ஓக்கை முதலில் தடிமனாகக் கடைந்து பையில் போட்டு ஒரு வருடம் காயவிடவேண்டும், காய்கையில் கோணிக்கொள்ளும், பிறகு மறுபடி கடைந்து வட்டமாக்கவேண்டும். இந்த ஏழும் போன வருடம் அவன் கடைந்து வைத்தவை. அடியில் பென்சிலால் தேதி போட்டிருந்தான். எழுதத் தெரிந்த காலத்துக் கையெழுத்து.

மேசைமேல் வரிசையாக வைத்தான். முதல் கிண்ணத்தைக் காட்டி, மார்பில் கடிகாரம் குத்தியிருப்பதுபோல் தொட்டுக் காட்டினான்: வார்டுத் தலைமை நர்ஸ். இரண்டாவதுக்குக் கையை இடுப்பளவு தாழ்த்திக் காட்டினான்: குட்டையான மாரிவிக், இரவுப் பணி நர்ஸ். நடக்கப் பழக்கியவர், வண்டி தள்ளியவர், பகல் நர்ஸ்கள் இருவர். ஏழாவதுக்குத் தரை துடைப்பதுபோல் கையை ஆட்டினான்.

“எல்லாருக்கும் கிண்ணமா?”

“செவ்வாய்க்கிழமை.”

“ஒரு பெரிய டப்பா பிஸ்கட் வாங்கிக் குடுத்தா ஆகாதா? ஊர்ல எல்லாரும் அதானே பண்றாங்க.”

அவன் அவளையே பார்த்தான்.

“சரி. யாரு கடையிறது? ஒத்தக் கையை வெச்சுக்கிட்டு நீயா?”

அதற்கும் அவளையே பார்த்தான்.

4

கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் ஏவரில் அந்தக் கொட்டகைக்குள் வந்ததெல்லாம் தேநீர் ஆறுகிறது என்று கத்துவதற்குத்தான். இப்போது உளி அவள் கையில் இருந்தது. ராய்ஸ்டன் பின்னால் ஒட்டி நின்று, இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்து ஓட்டினான். அமுக்கினால் உளி உள்ளே போகவேண்டும். விட்டால் நிறுத்தவேண்டும்.

“இடிக்காத ராய். இது என் கை, உன் கார் ஸ்டியரிங் இல்ல.”

“செவ்வாய்க்கிழமை.”

“கெட்ட வார்த்தை பேசாத.”

வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள். மரச்சுருள் அவள் தலையிலும் சட்டைக்குள்ளும் புகுந்தது. தீயணைப்புக்காரி மாதிரி முகக்கவசம் போட்டுக்கொண்டு, கதவில் வந்து எட்டிப் பார்த்த ஆட்டைத் திட்டிக்கொண்டு, ஏழையும் கடைந்து முடித்தாள். மூன்றாவதில் உளி சிக்கிக் காயம் விழுந்தது. அவள் அழப் போனாள். அவன் முழங்கையை அமுக்கி, காயம்பட்ட இடத்தைச் சுற்றிலும் ஒரு வரி ஓடவிட்டான். வேண்டுமென்றே போட்ட வரிபோல் ஆகிவிட்டது.

(ஏவரிலை இங்கே ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. இரண்டாம் நாள் அவள் உளியைக் கீழே போட்டுவிட்டு, “உன்னோட இந்தப் பொழப்புக்கு நான் செத்துப்போறேன்” என்று சொல்லித் தெருக்கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பினாள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று. எண்ணெய் தடவினால் முடிந்தது. ஆனால் ராய்ஸ்டன் கைத்தடியைத் தூக்கி மேல்தட்டுப் புட்டியைக் காட்டினான். அமோனியா.

“அது எதுக்கு? எண்ணெயே போதும், அழகாத்தான் இருக்கு.”

மறுபடி காட்டினான். அவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். அவன் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு மூன்றாம் முறையும் காட்டினான்.

ஓக்கில் துவர் உண்டு. நமக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோம் இல்லையா, அதுபோல் ஓக்கை அமோனியா ஆவியில் அடைத்து வைத்தால் துவர் கறுக்கும். ஒரு நாளில் தேன் நிறம், சற்று விட்டால் காப்பி நிறம். சாயம்போல் மேலே பூசியதாக இருக்காது, மரத்துக்குள்ளிருந்தே வந்திருக்கும்.*

* குதிரை லாயத்து ஓக் பலகைகள் மூத்திர நெடியில் கறுத்ததைப் பார்த்துத்தான் இந்த வித்தையைக் கண்டுபிடித்தார்கள் என்று இங்கே கடைசல்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மையோ என்னவோ. டென்ஸில் இதைச் சாப்பாட்டு மேசையில்தான் சொல்வான்.

நெஞ்சு பலவீனம், அந்த நெடிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் ராய்ஸ்டனிடம் சொல்லியிருந்தார். அவனை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு ஏவரிலே எல்லாம் செய்தாள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏழு கிண்ணங்களையும் புட்டி மூடிகள்மேல் நிறுத்தி, நடுவில் இரண்டு சாசரில் அமோனியாவை ஊற்றி, அடைத்து, மேலே பழைய கம்பளியைப் போட்டாள்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது, ஆவி போய்விடும். அதனால் பெட்டியில் ஒரு துளை உண்டு. துளையில் ஒரு மரக்குச்சியைச் செருகி வைப்பார்கள். உள்ளே இருக்கும் பாதி, கிண்ணங்களோடு சேர்ந்து கறுக்கும். குச்சியை உருவிப் பார்த்தால் உள்ளே என்ன நிறம் என்று தெரியும். ராய்ஸ்டன் இதைச் செய்வதை அவள் சன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மேசைமேல் ஜாடி நிறையக் குச்சிகள் இருந்தன. ஒன்றை எடுத்துச் செருகினாள்.

செவ்வாய் காலை உருவினாள். குச்சி வெளுப்பாக இருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய் அவனிடம் காட்டினாள்.

“ஒண்ணும் ஆகல, பாரு.”

ராய்ஸ்டன் குச்சியை வாங்கி மேசையில் தட்டினான். நுனியைக் கடித்தான். துப்பிவிட்டு, குச்சியைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்தான்.

“செவ்வாய்க்கிழமை.”

“ஆமா, இன்னிக்குச் செவ்வாய்தான். எனக்கு மட்டும் அவசரம் இல்லையா? தூக்கி எறிஞ்சா கறுத்துருமா?”

குச்சியைக் கழுவித் துடைத்து மறுபடி செருகிவிட்டு, சாசரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சாயங்காலமும் வெளுப்பு. புதன் காலையும் வெளுப்பு. ஒவ்வொரு முறையும் அவன் கடித்தான், துப்பினான், எறிந்தான், அவள் கையைப் பிடித்து உலுக்கினான். ஒவ்வொரு முறையும் அவள் கழுவிச் செருகினாள், இன்னும் ஊற்றினாள். புதன் சாயங்காலம் அவன் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வியாழன் மதியம் அவள் டென்ஸிலைக் கூப்பிட்டாள். அவன் குச்சியை விரலில் உருட்டிப் பார்த்தான்.

“இத எங்க எடுத்த ஏவ்?”

“ஜாடியில.”

“இது பீச் மரம், ஓக் இல்ல. கடையில கட்டா விக்கிற குச்சி. இதுல துவரே கெடையாது. கிறிஸ்மஸ் வரைக்கும் உள்ள வெச்சாலும் இப்படித்தான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும். ராய் அதே ஓக்குல ஒரு குச்சி சீவிச் சொருகுவான்.”

ஏவரில் குச்சியை வாங்கி, நுனியில் ராய்ஸ்டனின் பல் பதிந்த இடத்தைத் தடவினாள்.

“மூணு நாளா அவன் அதத்தான் சொல்லிட்டிருந்தான்,” என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தார்கள். ஏழும் கறுப்பு. பளபளப்பில்லாத, சாம்பல் பூத்த, அடுப்பில் அணைந்த கரியின் கறுப்பு.

5

காய்ந்த ஓக் வேறு கிடையாது. பச்சை ஓக் காய ஒரு வருடம் ஆகும். வார்டுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

ஏவரில் ஒரு கிண்ணத்தை எடுத்துப் போய் அவன் மடியில் வைத்தாள். டென்ஸில் வாசலிலேயே நின்றுகொண்டான்.

“கெடுத்துட்டேன் ராய். நீ சொன்ன, எனக்கு விளங்கல.”

(இந்த இடத்தில் என் முதல் வரைவில் ராய்ஸ்டன் அழுதான். இரண்டாவதில் கிண்ணத்தைச் சுவரில் வீசினான். இரண்டையும் படித்துக் காட்டியபோது ஏவரில் இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினாள்: “அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல கண்ணு.”)

ராய்ஸ்டன் கட்டைவிரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டு, கிண்ணத்தின் உட்புறத்தில் தேய்த்தான். ஈரம் பட்ட இடத்தில் சாம்பல் போய் அடர்ந்த பழுப்பு எழுந்தது. அதன் குறுக்கே ஓக்கின் கதிர்க்கோடுகள் மீன் செதில்போல் மின்னின. அவன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்தான். ஏவரிலையும் டென்ஸிலையும் கைத்தடியால் ஒதுக்கிவிட்டு, எண்ணெய்ப் புட்டியைத் தேடிக்கொண்டு போனான்.

மூன்று பேருமாக உட்கார்ந்து எண்ணெய் தேய்த்தார்கள். டென்ஸிலுக்கு முதுகைக் காட்டாமல் ராய்ஸ்டன் உட்கார்ந்தது ஆறு மாதத்தில் அன்றுதான்.

“கூட்டாளி, தப்பா எடுத்துக்காத,” என்றான் டென்ஸில், “நீ கடைஞ்சத விட உம் பொண்டாட்டி கடைஞ்சது நல்லா இருக்கு.”

“செவ்வாய்க்கிழமை,” என்றான் ராய்ஸ்டன். அது எந்த ரகச் செவ்வாய்க்கிழமை என்று மூவருக்கும் தெரிந்தது.

ஏவரில்தான் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“நாத்தம் போகவே இல்ல. ஒரு வாரம் காத்துல வெக்கணும் இத. மூத்திர நாத்தத்தத் தாளுல சுத்தி எப்படி ஒருத்தங்ககிட்ட நீட்டுறது?”

ராய்ஸ்டனுக்கு முகத்தின் இடப்பக்கம்தான் சிரிக்கும். இடப்பக்கம் சிரித்தது.

6

இப்போது, அதுவரை ஏவரிலிடம் யாரும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

முதல் ஆறு வாரம், பெரும்பாலான நாள் விடியும்போது நாலாம் படுக்கை நனைந்திருக்கும். மாரிவிக்கின் பணி முடியும் நேரம், என் பணி தொடங்கும் நேரம். என் வேலை தரை மட்டும்தான். ஆனால் அந்நேரத்தில் ஆள் பற்றாது, விரிப்பின் அந்த முனையை நான் பிடிப்பேன். முதல் நாள் ராய்ஸ்டன் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். மாரிவிக் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல், தன் சொந்த ஊரான இலோய்லோவில் அண்ணன் வளர்க்கும் சண்டைச் சேவல் கல்யாணப் பந்தியில் புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டே விரிப்பை உருவினாள். தினம் ஒரு சேவல் கதை. எத்தனை உண்மையோ.

விரிப்பு மாற்றியதும் ராய்ஸ்டன் மாரிவிக்கின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்ப்பான். பத்து மணிக்கு ஏவரில் வரும் கதவு. இரண்டாம் முறை சொல்லவேண்டியிருக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதவேண்டியதை மாரிவிக் எழுதினாள். ஏவரிலிடம் வாயால் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இதற்கு எனக்கு ஒரு கிண்ணம் என்றால் கணக்கு உதைக்கிறது. அவன் எனக்குச் செய்ததுதான் அதிகம். அந்த வசந்தகாலம் எனக்குக் கடைசித் தேர்வு. எங்கள் வீட்டில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் நான். இருந்து படிக்க நேரமும் கிடையாது, மேசையும் கிடையாது. குறிப்புகளை அட்டைகளில் எழுதி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு துடைப்பேன். ஒருநாள் ராய்ஸ்டன் கையை நீட்டி அட்டைக் கட்டை வாங்கினான். ஒன்றை எடுத்து எனக்குத் தெரியும்படி மார்பில் சாய்த்துப் பிடித்தான். நான் துடைத்துக்கொண்டே படித்தேன். தலையசைத்ததும் அடுத்ததை வைத்தான். அந்த எழுத்தில் ஒன்றுகூட அப்போது அவனால் படிக்க முடியாது. பல நாள் தலைகீழாகப் பிடிப்பான். நானும் கழுத்தைச் சாய்த்துப் படித்தேன். சிலர் நான் துடைக்கும்போது காலைக்கூடத் தூக்கமாட்டார்கள். இவன் ஐந்து வாரம் எனக்குப் புத்தகம் தாங்கும் பலகையாக இருந்தான்.

அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. நன்றியோடு இரு, நன்றியோடு இரு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்ததில் அந்தச் சொல்லே எனக்குத் தொண்டையில் சிக்கும். இந்தக் கதையை, அன்று சொல்லாமல் போன நன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அது இலக்கியம் இல்லை. ஏவரிலுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷில் வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது இந்த ஆறாம் பகுதியையும் எட்டாம் பகுதியையும் தாண்டிப் படித்தேன். பேர்களை மாற்றிவிட்டேன். படுக்கை எண்ணையும்.

7

வெள்ளிக்கிழமை. வார்டில் பாதிப் படுக்கைகள் ஏற்கெனவே போயிருந்தன. நடுவில் ஒரு மேசை, சாசேஜ் ரோல், பிளாஸ்டிக் கோப்பைகள். மேலிடத்திலிருந்து ஒரு அட்டை வந்திருந்தது. ‘உங்கள் சேவைக்கு நன்றி.’ எல்லோருக்கும் சேர்த்து ஒரே அட்டை. அதில் என் போன்ற துப்புரவு ஆட்கள் சேர்த்தியா என்று

(நிறுத்துகிறேன். கொடுத்ததைப் பற்றி எழுதுவோம் என்று நானே சொன்னேன்.)

ராய்ஸ்டன் கோட்டும் டையுமாக வந்திருந்தான். ஏவரில் கேக் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, அதிலிருந்து தாளில் சுற்றிய கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது “செவ்வாய்க்கிழமை” என்றான். தலைமை நர்ஸுக்குச் சொன்னதும் வண்டி தள்ளியவருக்குச் சொன்னதும் ஒரே மாதிரி இல்லை. ஏழு பேருக்கு ஏழு செவ்வாய்க்கிழமை.

மாரிவிக் தாளைப் பிரித்தாள். டப்பாவுக்குள் ஓர் இரவு அடைபட்டுக் கிடந்த நெடி மேலே எழுந்தது. அவள் மூக்கு சுருங்கியது. பதினாறு வருட இரவுப் பணி. தலை தானாகத் திரும்பியது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாலாம் படுக்கையைப் பார்த்து, “ஐயோ, விரிப்பு,” என்று ஓரடி எடுத்து வைத்துவிட்டாள்.

நாலாம் படுக்கை காலி. மெத்தைகூட இல்லை, வெறும் இரும்பு.

மாரிவிக் நின்றாள். ராய்ஸ்டனைப் பார்த்தாள். ராய்ஸ்டனின் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் அழுகிறான் என்று நினைத்தேன். சத்தம் வந்தபிறகுதான் தெரிந்தது. வயிற்றிலிருந்து வருகிற, கரகரத்த, அடக்கமுடியாத சிரிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. மாரிவிக் கிண்ணத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்; நெடி ஏறித் தும்மினாள்; அவன் இன்னும் சிரித்தான். நானும் மாப்புக் குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

“அது அமோனியா, மன்னிச்சுக்கங்க,” என்று ஏவரில் சிவந்துபோய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஒரு வாரம் காத்துல வெச்சாப் போயிரும்.”

எண்ணெயே போதும் என்றவளிடம் மூன்று முறை அந்தப் புட்டியைக் காட்டினானே, நிறத்துக்காகவா, இதற்காகவா? நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவனிடம் ஒருநாள் கேட்டும் விட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வியாழனே அவன் மன்றத்துக்குப் போனான். ஏவரிலும் கூடப் போனாள், தன் உளியோடு. இதை மறைத்து வைத்து உங்களைக் காக்கவைக்கமாட்டேன். இது நடந்தது.

8

நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்லப்போவதில்லை.

எல்லோரும் கோட்டு மாட்டும் நேரம் ஏவரில் என்னிடம் வந்தாள். நான் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“நீயும் சிரிச்ச, நான் பாத்தேன். மூணு பேருக்கும் ஏதோ தெரிஞ்சிருக்கு. அவன் எதுக்குச் சிரிச்சான் கண்ணு?”

(அ) நான் சொல்லிவிட்டேன். ஆறு வாரம் தன்னிடம் மறைத்தான் என்பது அவளை வீடு போகும்வரை வாட்டியது. வீடு போனபின் வாட்டவில்லை.

(ஆ) அமோனியா மூக்கில் ஏறினால் அப்படித்தான் சிரிப்பு வரும் என்று நான் பொய் சொன்னேன். அவள் நம்பினாள். அல்லது நம்பியதாகக் காட்டினாள்.

(இ) அவளுக்கு முதல் வாரமே தெரியும். அவள் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொண்டுவந்த பைஜாமாக்கள் மறுநாள் வேறு சோப்பு மணத்தோடு பையில் இருந்தன. முப்பத்துநாலு வருடம் அவன் துணி துவைத்தவளுக்கு அது போதாதா? தனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது. அதற்கு நாங்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறோமா என்று பார்க்கத்தான் கேட்டாள்.

மூன்றில் ஒன்று நடந்தது. எது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவதாக ஒன்று தோன்றினால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

எழுதுவதற்கு முன் ஒன்று. என் கையில் ரப்பர் கையுறை இருந்தது, வாளித் தண்ணீர் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஏவரில் கேள்வியைக் கேட்கும்போது அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவளுடைய நல்ல கோட்டின் முன்பக்கம் நனைந்துகொண்டிருந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்ன பதில் எழுதினாலும், அப்படிப் பிடித்தவளுக்குச் சொல்லக்கூடிய பதிலாக எழுதுங்கள்.